மனித உடலில் இரும்பு, செலீனியம் ஆகியவற்றின் வளர்சிதைமாற்றம்

இரும்பு, செலீனியம் ஆகிய இரண்டும் மனித உடலுக்கு மிகச் சிறிய அளவில் தேவைப்படும் இன்றியமையாத தனிமங்கள் ஆகும். இவை உணவிலிருந்து உட்கவரப்படுதல், குருதி வழியே கடத்தப்படுதல், புரதங்களில் சேர்க்கப்படுதல், சேமிக்கப்படுதல், வெளியேற்றப்படுதல் ஆகிய நிகழ்வுகளின் தொகுப்பே இவற்றின் வளர்சிதைமாற்றம் எனப்படுகிறது. இரண்டும் குறைந்தால் நோய் உண்டாகும், மிகுந்தால் நஞ்சாகும். எனவே உடல் இவற்றின் அளவைக் குறுகிய எல்லைக்குள் வைத்திருக்கிறது. அதற்குக் கையாளப்படும் வழிகள் ஒன்றுக்கொன்று எதிரானவை. மிகுதியான இரும்பை வெளியேற்றும் வழி உடலில் இல்லை; ஆகவே அது குடலில் நுழையும்போதே கட்டுப்படுத்தப்படுகிறது. செலீனியமோ குடலில் பெரும்பாலும் தடையின்றி உட்கவரப்பட்டு, மிகுதி சிறுநீர் வழியே வெளியேற்றப்படுகிறது.

இரும்பு

உடலில் பரவல்

வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் ஏறத்தாழ 3 முதல் 4 கிராம் இரும்பு உள்ளது. இதில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு, செங்குருதி அணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் அமைந்து ஆக்சிஜனைச் சுமக்கிறது. தசைகளிலுள்ள மயோகுளோபினிலும், உயிரணுக்களில் ஆற்றலை உருவாக்கும் நொதிகளிலும் ஒரு பகுதி உள்ளது. எஞ்சியது முதன்மையாகக் கல்லீரலில் ஃபெரிட்டின் என்னும் புரதத்தினுள் சேமிக்கப்படுகிறது. 24 துணை அலகுகளால் ஆன உள்ளீடற்ற கோளம் போன்ற ஒரு ஃபெரிட்டின் மூலக்கூறு, சுமார் 4500 இரும்பு அணுக்கள் வரை கொள்ளக்கூடியது.

இரும்பு தனித்த அயனியாக உயிரணுவில் உலவுவது தீங்கானது. அது ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து, கொழுப்பு, புரதம், டி.என்.ஏ ஆகியவற்றைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகளை உண்டாக்குகிறது. இதனாலேயே உடல் இரும்பை எப்போதும் ஏதேனும் ஒரு புரதத்துடன் பிணைத்தே வைத்திருக்கிறது.

உட்கவர்தல்

உணவு இரும்பு இரு வகைப்படும். இறைச்சி, மீன் ஆகியவற்றிலுள்ள ஹீம் இரும்பு எளிதில் உட்கவரப்படுகிறது. தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றிலுள்ள ஹீம் அல்லாத இரும்பு குறைவாகவே உட்கவரப்படுகிறது. தேநீரிலுள்ள பாலிஃபீனால்களும் தானியத் தவிட்டிலுள்ள ஃபைட்டேட்டும் அதனை மேலும் குறைக்கின்றன. உயிர்ச்சத்து சி கூட்டுகிறது.

உட்கவர்தல் பெரும்பாலும் முன்சிறுகுடலில் நிகழ்கிறது. ஹீம் அல்லாத இரும்பு, ஃபெரிக் நிலையிலிருந்து ஃபெரஸ் நிலைக்கு ஒடுக்கப்பட்டு, டி.எம்.டி.1 என்னும் கடத்திப் புரதத்தின் வழியே குடற்சுவர் உயிரணுவுக்குள் நுழைகிறது. அங்கிருந்து குருதிக்குள் செல்ல ஒரே வாயில் ஃபெரோபோர்ட்டின் என்னும் புரதம் ஆகும். இவ்வாயில் மூடப்பட்டிருந்தால் இரும்பு குடல் உயிரணுவிலேயே தங்கிவிடும். அவ்வுயிரணு சில நாட்களில் உதிர்ந்து மலத்துடன் வெளியேறும்போது அந்த இரும்பும் வெளியேறுகிறது.

கடத்தலும் மீள்பயன்பாடும்

குருதியில் இரும்பைச் சுமப்பது டிரான்ஸ்ஃபெரின் ஆகும். இதன் ஒரு மூலக்கூறு இரண்டு ஃபெரிக் அயனிகளைப் பிணைக்கும். இரும்பு தேவைப்படும் உயிரணுக்கள் தம் மேற்பரப்பிலுள்ள ஏற்பிகளால் டிரான்ஸ்ஃபெரினைப் பற்றி உள்ளிழுத்து, அமிலத்தன்மை கொண்ட நுண்பையில் இரும்பைப் பிரித்தெடுத்தபின் வெறும் டிரான்ஸ்ஃபெரினை மீண்டும் குருதிக்கே அனுப்புகின்றன.

எலும்பு மச்சை புதிய செங்குருதி அணுக்களை உருவாக்க நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு தேவை. ஆனால் உணவிலிருந்து கிடைப்பது 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. எஞ்சிய தேவை மீள்பயன்பாட்டால் நிறைவேறுகிறது. ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து முதிர்ந்த செங்குருதி அணுக்களை மண்ணீரல், கல்லீரல் ஆகியவற்றிலுள்ள பெருவிழுங்கிகள் விழுங்கி, அவற்றின் இரும்பை ஃபெரோபோர்ட்டின் வழியே குருதிக்குத் திருப்பித் தருகின்றன. தோல், குடல் உயிரணுக்கள் உதிர்வதாலும் சிறு குருதியிழப்பாலும் அன்றாடம் இழக்கப்படும் அளவும் 1 முதல் 2 மில்லிகிராமே ஆகும். உடல் இரும்பின் அளவு கழிவகற்றலால் அன்றி உட்கவர்தலாலேயே சீர்படுத்தப்படுகிறது என்பதை 1937ஆம் ஆண்டில் ராபர்ட் மெக்கேன்சு, எல்சி விட்டோசன் ஆகியோர் எடுத்துக்காட்டினர்.

ஹெப்சிடின்

ஃபெரோபோர்ட்டின் வாயிலைத் திறந்து மூடுவது, கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் இயக்குநீர் ஆகும். 25 அமினோ அமிலங்களைக் கொண்ட இது, ஃபெரோபோர்ட்டினுடன் பிணைந்து அதனை உயிரணுவுக்குள் இழுத்துச் சிதைவுறச் செய்கிறது. இவ்வழிமுறை 2004ஆம் ஆண்டில் விளக்கப்பட்டது. உடலில் இரும்பு மிகும்போது ஹெப்சிடின் கூடுகிறது. இரும்பு குறையும்போதும், செங்குருதி அணு உற்பத்தி விரைவுபடும்போதும் குறைகிறது.

தொற்று, அழற்சி ஆகியவற்றின்போதும் ஹெப்சிடின் கூடுகிறது. நுண்ணுயிர்கள் பெருக இரும்பு தேவை என்பதால், அதனைக் குருதியிலிருந்து மறைத்து வைப்பது ஒரு தற்காப்பு முறையாகக் கருதப்படுகிறது. நாட்பட்ட அழற்சியில் சேமிப்பில் இரும்பு இருந்தும் எலும்பு மச்சைக்குக் கிட்டாமல் குருதிச்சோகை உண்டாகிறது. அத்தகையோருக்கு இரும்பு மாத்திரைகள் நன்கு பயன் தராமைக்கும் இதுவே காரணம். ஒரு வேளை மாத்திரைக்குப் பின்னரும் ஹெப்சிடின் சுமார் ஒரு நாள் உயர்ந்திருப்பதால், இரும்புக் குறைபாடுள்ள பெண்கள் ஒன்றுவிட்டு ஒருநாள் உட்கொள்ளும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் உட்கவரப்படும் பங்கு கூடுவதாக 2017இல் வெளியான ஆய்வு காட்டியது.

செலீனியம்

உட்கவர்தலும் கடத்தலும்

செலீனியத்தை 1817ஆம் ஆண்டில் சுவீடன் வேதியியலாளர் பெர்சீலியசு கண்டறிந்தார். நெடுங்காலம் நஞ்சாகவே அறியப்பட்ட இது, விலங்குகளுக்கு இன்றியமையாதது என்பதை 1957ஆம் ஆண்டில் கிளாசு சுவார்சு, கால்வின் ஃபோல்ட்சு ஆகியோர் எலிகளில் கண்டனர். வளர்ந்தோருக்கு அன்றாடம் தேவைப்படுவது சுமார் 55 மைக்ரோகிராம் மட்டுமே.

தானியங்களில் செலீனியம் பெரும்பாலும் செலீனோமெத்தியோனின் வடிவில் உள்ளது. உணவிலுள்ள செலீனியத்தின் பெரும்பகுதி உட்கவரப்படுகிறது. உடலில் ஏற்கனவே எவ்வளவு உள்ளது என்பதைக் குடல் பொருட்படுத்துவதில்லை. கல்லீரல் அதனைச் செலீனோபுரதம் பி என்னும் புரதத்தில் சேர்த்துக் குருதிக்குள் விடுகிறது. மூளை, விந்தகம் ஆகியவை தனி ஏற்பிகளால் இப்புரதத்தைப் பெற்றுக்கொள்கின்றன. செலீனியம் பற்றாக்குறையாகும்போது பிற உறுப்புகள் முதலில் இழக்க, மூளை தன் பங்கைக் கூடியவரை காத்துக்கொள்கிறது.

மிகுதியான செலீனியம் மெத்தில் சேர்க்கப்பட்ட சேர்மங்களாகவும் செலீனோசர்க்கரையாகவும் மாற்றப்பட்டுச் சிறுநீரில் வெளியேறுகிறது. அளவு மிக அதிகமானால் ஆவியாகும் டைமெத்தில் செலீனைடு மூச்சில் வெளிப்பட்டுப் பூண்டு மணம் வீசும்.

செலீனோசிஸ்டீன்

இரும்பு பெரும்பாலும், உருவான புரதத்தில் பின்னர் பொருத்தப்படுகிறது. செலீனியமோ புரதம் உருவாகும்போதே செலீனோசிஸ்டீன் என்னும் 21ஆவது அமினோ அமிலமாகச் சேர்க்கப்படுகிறது. வழக்கமாகப் புரத உருவாக்கத்தை நிறுத்தும் யு.ஜி.ஏ. என்னும் குறிமொழியே இதற்கும் பயன்படுகிறது. செய்தி ஆர்.என்.ஏ.வில் உள்ள ஒரு தனி மடிப்பு, அவ்விடத்தை ‘நிறுத்து’ என்னாது ‘செலீனோசிஸ்டீனைச் சேர்’ எனப் பொருள்கொள்ளச் செய்கிறது. மனிதரில் செலீனோபுரதங்களுக்கான 25 மரபணுக்கள் அறியப்பட்டுள்ளன.

இரண்டும் இணையும் இடங்கள்

தைராய்டு சுரப்பியில் இயக்குநீரை உருவாக்கும் தைராய்டு பெராக்சிடேசு, ஹீம் இரும்பு கொண்ட நொதி ஆகும். உருவான இயக்குநீரைச் செயல்வடிவத்துக்கு மாற்றும் டீஅயோடினேசு நொதிகள் செலீனியம் கொண்டவை.

உயிரணுப் படலத்திலுள்ள கொழுப்புகள் இரும்பின் தூண்டலால் பெராக்சைடுகளாக மாறிச் சிதைவதால் நிகழும் உயிரணு இறப்புக்கு 2012ஆம் ஆண்டில் ஃபெராப்டோசிஸ் எனப் பெயரிடப்பட்டது. இதனைத் தடுக்கும் முதன்மை நொதி, செலீனியம் கொண்ட குளூட்டாதயோன் பெராக்சிடேசு-4 ஆகும். இரும்பால் நேரும் தீங்குக்குச் செலீனியம் காப்பாக அமைகிறது எனலாம்.

குறைபாடும் மிகையும்

இரும்புக் குறைபாடு உலகில் மிகப் பரவலான ஊட்டச்சத்துக் குறைபாடு ஆகும். மாதவிடாய், கருவுறுதல், கொக்கிப்புழுத் தொற்று ஆகியவை தேவையை அல்லது இழப்பைக் கூட்டுகின்றன. இந்தியாவில் 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையவர்கள். இதற்கு இரும்புக் குறைபாடு ஒரு முக்கிய காரணம், ஒரே காரணம் அன்று.

வெளியேற்றும் வழி இன்மையால் இரும்பு மிகையும் கொடியது. மரபுவழி ஹீமோகுரோமடோசிஸ் நோயில் ஹெப்சிடின் போதாமையால் இரும்பு ஆண்டுக்கணக்கில் சேர்ந்து கல்லீரலையும் இதயத்தையும் பாதிக்கிறது. குறிப்பிட்ட இடைவெளிகளில் குருதியை வெளியேற்றுவதே இதற்கான சிகிச்சை. தலசீமியா நோயாளிகளுக்கு ஏற்றப்படும் ஒவ்வொரு அலகு குருதியும் சுமார் 200 மில்லிகிராம் இரும்பைச் சேர்ப்பதால், இரும்பைப் பிணைத்து அகற்றும் மருந்துகள் தேவைப்படுகின்றன. சிறுவர்கள் இரும்பு மாத்திரைகளைத் தவறுதலாக மிகுதியாக விழுங்கினால் உயிரிழப்பும் நேரலாம்.

செலீனியத்தைப் பொறுத்தவரை நிலத்தின் தன்மையே பெரும்பாலும் முடிவு செய்கிறது. மண்ணில் செலீனியம் குறைந்த சீனாவின் கேஷான் பகுதியில் 1935ஆம் ஆண்டில் பதிவான இதயத்தசை நோய் ‘கேஷான் நோய்’ எனப் பெயர் பெற்றது; சோடியம் செலீனைட்டு வழங்கிய பின்னர் அது வெகுவாகக் குறைந்தது. அதே நாட்டின் என்ஷி பகுதியில் 1960களின் தொடக்கத்தில் செலீனியம் மிகுந்து மக்களின் முடியும் நகமும் உதிர்ந்தன. மண்ணில் செலீனியம் குறைந்த பின்லாந்து, 1980களின் நடுப்பகுதி முதல் உரங்களில் செலீனியம் சேர்த்து வருகிறது.

ஒப்பீடு

- உடலிலுள்ள அளவு: இரும்பு கிராம் அளவில், செலீனியம் மில்லிகிராம் அளவில்.
- குருதியில் முதன்மைக் கடத்தி: இரும்புக்கு டிரான்ஸ்ஃபெரின், செலீனியத்துக்குச் செலீனோபுரதம் பி.
- கட்டுப்படுத்தப்படும் இடம்: இரும்பு, குடலில் உட்கவரப்படும்போது, செலீனியம், சிறுநீரில் வெளியேற்றப்படும்போது.
- முதன்மைப் பணி: இரும்பு, ஆக்சிஜன் கடத்தலும் ஆற்றல் உருவாக்கமும்; செலீனியம், பெராக்சைடுகளை நீக்குதலும் தைராய்டு இயக்குநீரைச் செயல்படுத்தலும்.