விலாவுக்குக் கீழே எழும் வலி

மனித உடலில் விலா எலும்புகள் 12 இணைகள். மேலே உள்ள ஏழு இணைகள் மார்பெலும்புடன் நேரடியாகச் சேர்கின்றன. அடுத்த மூன்றும் தத்தமக்கு மேலே உள்ள விலாவின் குருத்தெலும்பைப் பற்றிக்கொள்கின்றன. கடைசி இரண்டு முன்பக்கம் எதையும் தொடாமலே நின்றுவிடுகின்றன. இந்தக் கூட்டின் கீழ் விளிம்பை ஒட்டி வலி என்று ஒருவர் வந்தால், மருத்துவர் முதலில் கேட்பது "எந்த இடத்துல?" என்பதுதான். வலப்பக்கம் கல்லீரலும் பித்தப்பையும் இருக்கின்றன. இடப்பக்கம் மண்ணீரலும் இரைப்பையின் பெரும்பகுதியும். நெஞ்சுக்குழிக்குக் கீழே முன்சிறுகுடலும் இரைப்பைக்குப் பின்னால் கணையமும் உள்ளன. முதுகுப் பக்கம் இரு சிறுநீரகங்கள்.

ஆனால் இடம் பாதி விடையைத்தான் தரும். நுரையீரலின் அடிப்பகுதியும் இதயமும் உதரவிதானத்தின் மேல் படிந்திருப்பதால், அவற்றின் நோயும் வயிற்றுவலியாக வெளிப்படக்கூடும். நிமோனியா கண்ட சிறு குழந்தை நெஞ்சைக் காட்டாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவது குழந்தை மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று.

வலப்பக்க வலிகளில் அடிக்கடி பார்ப்பது பித்தப்பைக் கல். இரவு பிரியாணியோ பரோட்டாவோ வயிறாரச் சாப்பிட்டுப் படுத்தவரை நள்ளிரவில் எழுப்பி உட்கார வைக்கும் வலி இது. கொழுப்பு குடலுக்குள் வந்ததும் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரைத் தள்ளுகிறது. அதன் வாயிலில் கல் அடைத்துக்கொண்டால் வலி கிளம்பி, வலது தோள்பட்டையின் அடி வரை ஏறும். அரை மணி நேரத்திலிருந்து சில மணி நேரம் வரை படுத்தியெடுத்துவிட்டு, கல் நகர்ந்ததும் அடங்கிவிடும். அடங்காமல் காய்ச்சலும் சேர்ந்தால் பித்தப்பை அழன்றிருக்கிறது என்று பொருள்.

இதைக் கண்டுபிடிக்க சிகாகோ அறுவை மருத்துவர் ஜான் மர்ஃபியின் பெயரில் ஓர் எளிய சோதனை உண்டு. வலது விலா விளிம்புக்குக் கீழே விரல்களை ஊன்றிக்கொண்டு, "மூச்ச நல்லா இழுங்க" என்பார் மருத்துவர். மூச்சு உள்ளே போகும்போது கல்லீரலும் அதனுடன் பித்தப்பையும் கீழிறங்கி விரலில் வந்து படும். நோயாளி பாதி மூச்சிலேயே வெடுக்கென்று நிறுத்திவிடுவார். பிறகு ஸ்கேன் அதை உறுதி செய்யும். பித்தப்பையை அகற்றும் முதல் அறுவையை 1882இல் பெர்லினில் கார்ல் லாங்கன்பூக் செய்தார். 1985இல் எரிக் மூஹே அதை லேப்ராஸ்கோப்பி முறையில் செய்து காட்டினார். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்தது, வலி எதுவும் இல்லை என்றால், பெரும்பாலானோருக்கு அறுவை தேவைப்படாது. பயந்துபோய்க் கத்தி வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கல்லீரலின் வலி வேறு விதமானது: மந்தமாக, கனமாக, நாள்கணக்கில் நீடிக்கும். அமீபா கிருமியால் கல்லீரலில் சீழ்க்கட்டி உண்டானால் குளிர்காய்ச்சலும் சேர்ந்துகொள்ளும். யாழ்ப்பாணத்தில் இந்நோய் கள் அருந்தும் ஆண்களிடம் மிகுதியாக இருப்பதை அங்கு நடந்த ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. வேளையோடு கண்டறிந்தால் மெட்ரோனிடசோல் மாத்திரையிலேயே பலர் குணமடைவர். டெங்குவில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று வீட்டார் நிம்மதி அடையும் அந்த நேரத்தில்தான் ஆபத்துக் கட்டம் தொடங்குகிறது. அப்போது வரும் கடுமையான வயிற்றுவலியை உலக சுகாதார நிறுவனம் அபாய அறிகுறிகளில் ஒன்றாகச் சொல்கிறது. கர்ப்பிணிக்கு 20 வாரங்களுக்குப் பிறகு வலது விலாவுக்குக் கீழே வலித்தால், குழந்தை உதைக்கிறது என்று விட்டுவிடாமல் அன்றே ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும்.

நடுவில் எரிச்சலோடு வரும் வலிக்குப் பல காலம் காரத்தையும் கவலையையும் குறை சொல்லி வந்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் வேறு காரணத்தைக் கண்டார்கள். 1982இல் ஈஸ்டர் விடுமுறையால் ஆய்வகத்தில் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் கிடந்த தட்டில் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி வளர்ந்திருந்தது. யாரும் நம்பாததால், 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். இருவருக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. குடற்புண்ணுக்கு இன்னொரு பெருங்காரணம், மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகள். மலம் தார் போலக் கறுத்துப் போனால் புண்ணிலிருந்து ரத்தம் கசிகிறது என்று அறிய வேண்டும்.

கணைய அழற்சியின் வலி முதுகு வரை ஊடுருவும். மல்லாந்து படுக்க முடியாமல், முன்னால் குனிந்து உட்கார்ந்தால் சற்றுத் தேவலை என்பார் நோயாளி. மதுவும் பித்தக்கல்லும் இதன் முதன்மைக் காரணங்கள்.

இடப்பக்கத்தில், பைக்கிலிருந்து விழுந்தவரின் மண்ணீரலை மறந்துவிடக் கூடாது. வெளியே சிராய்ப்பு மட்டும் இருக்கும். உள்ளே ரத்தம் கசிந்து உதரவிதானத்தை உறுத்த, வலி இடது தோளில் தெரியும். சிறுநீரகக் கல்லின் வலி விலாவுக்குப் பின்னே தொடங்கித் தொடையிடுக்கு நோக்கி இறங்கும்.

உள்ளுறுப்பு எதிலும் கோளாறு இல்லாமலும் வலிக்கலாம். விரலால் ஓரிடத்தைத் தொட்டு "இங்கதான்" என்று காட்ட முடிந்து, அழுத்தினால் வலி கூடுகிறது என்றால் பெரும்பாலும் விலாக் குருத்தெலும்பு அல்லது தசையின் வலி. ஒரே பக்கத்தில், பட்டை கட்டியதுபோல எரிந்து, சில நாளில் கொப்புளம் கிளம்பினால் அது அக்கி. மண்பாண்டம் செய்பவரிடம் காவி எழுதிக்கொள்ளும் வழக்கம் தமிழகத்தில் இன்னும் இருக்கிறது. ஆனால் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால்தான் முழுப் பலன்.

எல்லாவற்றிலும் அதிகம் ஏமாற்றுவது இதயம். அதன் அடிச்சுவருக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்தால் நெஞ்சு வலிக்காமல் மேல்வயிறு மட்டும் கனத்துப் பிசையலாம்; குமட்டலும் ஏப்பமும் வரலாம். "வெறும் கேஸ்தான்" என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துக் காத்திருந்தே உயிரைவிட்டவர்கள் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் இப்படி நிகழ வாய்ப்பு அதிகம். கேஸ் மாத்திரையில் வலி குறைந்தது என்பதும் இதயம் நன்றாக இருப்பதற்குச் சான்று ஆகாது. முதல் இ.சி.ஜி. சரியாக இருந்தாலும், சந்தேகம் இருந்தால் சில மணி நேரத்தில் மறுபடி எடுத்து, ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள்.

தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின்படி, மாரடைப்புக்கு உடனடியாகத் தர வேண்டிய ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருக்கின்றன. நாற்பதைத் தாண்டியவருக்கு, அதிலும் சர்க்கரையோ புகைப் பழக்கமோ உள்ளவருக்கு, விலாவுக்குக் கீழே திடீரென வலித்து வியர்த்துக் கொட்டினால், நேரம் நள்ளிரவு ஆனாலும் 108ஐ அழையுங்கள். விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.