மோனிக்கா அம்மையாரின் பிரார்த்தனை

அல்ஜீரியா தேசத்தில் இன்று சூக் அஹ்ராஸ் என்று வழங்கும் ஊர், ரோம சாம்ராஜ்ய காலத்தில் தகாஸ்தே என்னும் பெயர்கொண்ட சிறு நகரமாக இருந்தது. அங்கே 354ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் தேதி அகுஸ்தீனைப் பெற்றெடுத்த மோனிக்கா அம்மையார் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவர். கணவர் பத்ரீசியுவோ புராதன தெய்வங்களை வணங்கியவர், முன்கோபி. பிறந்த குழந்தைக்கு உடனே ஞானஸ்நானம் கொடுப்பது அக்காலத்தில் பொது வழக்கமாக நிலைபெறவில்லை. ஞானஸ்நானத்துக்குப் பின் செய்யும் பாவம் மிகக் கொடியது என்ற அச்சத்தால், இளமையின் வேகம் தணியட்டும் என்று பெற்றோர் பலர் அதைத் தள்ளிவைத்து, சிலுவை அடையாளமும் உப்பும் அளித்துப் பிள்ளையை வேதம் கற்போர் வரிசையில் சேர்ப்பதோடு நின்றனர். சிறுவன் அகுஸ்தீன் வயிற்று நோயால் சாகும் தறுவாயில் கிடந்தபோது அவசரமாக ஞானஸ்நானத்துக்கு ஏற்பாடு செய்த அம்மையார், நோய் நீங்கியதும் அதை நிறுத்திவிட்டார். இதற்காக அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. மகனை இழக்கக்கூடாது என்ற பயமே இரண்டு தடவையும் அவரை நடத்தியது.

அந்தப் பயம் வீண்போகவில்லை. கல்விக்காகக் கார்த்தேஜ் நகரம் சென்ற மகன், பத்தொன்பதாம் வயதளவில், ஒளி, இருள் என்னும் இரு ஆதி சக்திகளைப் போதித்த மனிக்கேய மதத்தில் சேர்ந்தான். விவாகமின்றி ஒரு பெண்ணோடு வாழ்ந்து தகப்பனுமானான். தாய் அவனை ஒரு காலம் வீட்டிலே சேர்க்காமல் இருந்தார். பின்பு, முன்னொரு காலத்தில் அதே மதத்தில் வளர்ந்து திரும்பிய பிஷப் ஒருவரிடம் சென்று, மகனோடு வாதாடும்படி மன்றாடினார். அவரோ வாதத்துக்கு இது சமயமல்ல, ஜெபியுங்கள் என்று மறுத்து, அம்மையார் விடாது அழுதபோது, இத்தகைய கண்ணீருக்குரிய பிள்ளை நாசமடையமாட்டான் என்ற கருத்தைச் சொல்லி அனுப்பிவிட்டார்.

383ஆம் ஆண்டில் நடந்ததே இச்சரித்திரத்தின் மையம் என்று நான் கருதுகிறேன். இத்தாலிக்குப் புறப்பட்ட மகனைத் தடுக்கவோ, அல்லது உடன் செல்லவோ துறைமுகம்வரை தொடர்ந்த தாயிடம், காற்றுக்காகக் காத்திருக்கும் நண்பனோடு இருக்கப்போவதாகப் பொய் சொல்லி, அவரை அருகிலிருந்த புனித சிப்ரியான் ஆலயத்தில் இரவைக் கழிக்கச் செய்துவிட்டு அகுஸ்தீன் கப்பலேறினான். அவன் போகக்கூடாது என்பதே அன்றிரவு அம்மையார் கண்ணீரோடு கேட்ட வரம், அது மறுக்கப்பட்டது. ஆனால் அந்தப் பிரயாணமே அவனை ரோமாபுரிக்கும், அங்கிருந்து 384இல் மிலானுக்கும், அந்நகரத்துப் பிஷப் அம்புரோசியாரின் பிரசங்கங்களுக்கும் கொண்டுசேர்த்தது. கடல் கடந்து பின்தொடர்ந்த தாயின் கண்முன்பாகவே, 386ஆம் ஆண்டில் மனந்திரும்பிய மகன், 387ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாள் இரவில் ஞானஸ்நானம் பெற்றான். அவ்வருடமே, ஆப்பிரிக்கா திரும்பும் வழியில், ஒஸ்தியாத் துறைமுகத்தில் அம்மையார் தமது ஐம்பத்தாறாம் வயதில் காலமானார். கணவரின் அருகிலேயே அடக்கம் பெற வெகுகாலம் ஆசைப்பட்டவர், சரீரத்தை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள், பீடத்தில் என்னை நினையுங்கள் என்பதை மட்டுமே கேட்டார்.

பிற்காலத்தில் ஹிப்போ நகரப் பிஷப்பாகிய அகுஸ்தீன், மனிதனின் ரக்ஷிப்பு முற்றிலும் கடவுளின் இலவச அருளே, அவருடைய சுயாதீனமான சித்தமே என்று, மனிதனின் சுயமுயற்சியை வலியுறுத்திய பெலாகியுவின் கட்சிக்கு எதிராக வாதிட்டார். அத்தகைய உபதேசத்தின் முன் ஒரு தாயின் அழுகைக்கு இடம் ஏது என்று கேட்கத் தோன்றும். 430இல் அவர் மரிப்பதற்குச் சற்றுமுன், விசுவாசத்தில் நிலைத்திருக்கும் வரத்தைப் பற்றி எழுதிய நூலில் இதற்கு விடை இருக்கிறது: அருளின் வல்லமைக்குச் சான்றாகத் தம் மனமாற்றத்தையே காட்டும்போது, தாம் கெட்டழியாதது தாயின் அன்றாடக் கண்ணீருக்கு அளிக்கப்பட்ட கொடை என்று அவர் கூறுகிறார். கடவுளின் சித்தத்துக்குத் தாயின் ஜெபம் எதிர்க்கட்சியாக அவருக்குத் தோன்றவில்லை; அச்சித்தம் நிறைவேறிய மார்க்கமாகவே தோன்றியது.

பிள்ளைகளுக்காக மனம் நொந்து ஜெபிக்கும் தாய்மார், அகுஸ்தீன் எழுதிய 'பாவசங்கீர்த்தனம்' என்னும் நூலின் ஒன்பதாம் புத்தகத்தை அவசியம் வாசிக்க வேண்டும்; அம்மையாரின் ஜீவியத்தை மகனே அங்கே சொல்கிறார்.