பொன் தீர்ந்த பின்

19ஆம் நூற்றாண்டில் கொடகவெலப் பகுதித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியத் தமிழர் வந்தனர். அந்நூற்றாண்டின் இறுதியில் வட ஆர்க்காட்டுத் தமிழர் பலர் மைசூர்ச் சமஸ்தானத்துக் கோலார் தங்கவயலை நாடினர்.

அங்கே 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். 1902இல் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தது; ஊரும் செழித்தது. ஏறத்தாழ 800 தொன் பொன் வெளிவந்தது. சுரங்கமோ 3 கிலோமீற்றருக்கும் கீழே இறங்கிற்று. பாறை வெடித்து மாண்டோர் பலர். ஆழம் கூடக் கூடச் செலவு பெருகியது, பொன் அருகியது.

1956இல் அரசுடைமையான அச்சுரங்கங்கள் 2001 பெப்ரவரி 28இல் மூடப்பட்டன. சயனைடு கலந்த மண்மேடுகளே எஞ்சின. நம் தோட்டத்து லயங்களை ஒத்த வரிசை வீடுகளில் வாழும் தொழிலாளர் சந்ததியினர், நாள்தோறும் பெங்களூருக்குப் புகையிரதமேறிப் பிழைக்கின்றனர். பொன் ஊரைவிட்டுப் போயிற்று, தோண்டியவர் போகவில்லை.