பொத்தான் கண்ணும் எலி வாலும்

குழந்தைகளுக்குத் திகில் கதை ஆகாது, ராத்திரி தூக்கத்தில் அலறும் என்பார்கள் பெரியவர்கள். குழந்தைகளோ அந்தப் புத்தகங்களைத்தான் தேடி எடுக்கிறார்கள். அப்படி எதில் சொக்கிப்போகிறார்கள் என்று பார்க்க, ஆங்கிலச் சிறார் நாவல்கள் இரண்டை அருகருகே வைக்கலாம். ஒன்று ரோல்ட் டால் எழுதி 1983இல் வந்த 'தி விட்சஸ்'. மற்றது நீல் கெய்மன் எழுதி 2002இல் வந்த 'கோரலைன்'.

இரண்டிலும் ஆபத்து, பிரியமாகப் பேசும் ஒரு பெண்ணின் வடிவில் வருகிறது. டாலின் சூனியக்காரிகள் கூம்புத் தொப்பி போட்டுத் துடைப்பத்தில் பறப்பதில்லை. நல்ல உடை உடுத்தி, நம்மோடு ஓட்டலில் தங்குகிறார்கள். கெய்மனின் வில்லி இன்னும் நெருங்கி வருகிறாள். அவள் அம்மாவின் சாயலிலேயே இருக்கும் 'இன்னொரு அம்மா'. கண்கள் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் கறுப்புப் பொத்தான்கள்.

டாலின் சிறுவனுக்கு நார்வேக்காரப் பாட்டி துணை. சுருட்டுப் பிடிக்கும் அந்தப் பாட்டி, சூனியக்காரியை அடையாளம் காணும் வழிகளைப் பாடம்போலச் சொல்லித் தருகிறாள்: எப்போதும் கழற்றாத கையுறை, வழுக்கையை மறைக்கும் விக், விரலில்லாத பாதம், நீலநிற எச்சில். சுத்தமாகக் குளித்த குழந்தையின் வாடைதான் அவர்களுக்கு எளிதில் எட்டுமாம். குளிக்காமல் தப்பிக்க இதைவிட நல்ல காரணம் எந்தப் பிள்ளைக்குக் கிடைக்கும்! பெரியவர்களுக்குத் தெரியாத ரகசியம் தன் கையில் இருக்கிறது என்ற பெருமிதத்தோடு பிள்ளை பக்கத்தைப் புரட்டுகிறது.

கோரலைனுக்கு அப்படிப்பட்ட பாட்டி இல்லை. அப்பாவும் அம்மாவும் வீட்டிலேயே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். அவளோடு பேச நேரமில்லை. அக்கம்பக்கத்தார் அவள் பெயரையே தப்பாகச் சொல்கிறார்கள். வீட்டின் 14 கதவுகளில் 13 திறக்கும். மீதி ஒன்றைத் திறந்தால் செங்கல் சுவர். ஒருநாள் அந்தச் சுவர் இருந்த இடத்தில் வழி இருக்கிறது. அதற்கு அப்பால் பொன்னிறமாகச் சுட்ட கோழி, உயிருள்ள பொம்மைகள், அலுக்காமல் கவனிக்கும் அம்மா. அங்கேயே தங்குவதற்கு விலையாக ஒரு பீங்கான் தட்டு வருகிறது: கறுப்பு நூல்கண்டு, நீளமான வெள்ளி ஊசி, இரண்டு கறுப்புப் பொத்தான்கள். ரத்தமும் இல்லை, அலறலும் இல்லை. அம்மாவின் தையல் பெட்டியில் கிடக்கும் சாமான்களைக் கொண்டே கெய்மன் குலைநடுங்க வைக்கிறார்.

டால் பயத்தைச் சிரிப்போடு கலக்கிறார். சூனியக்காரிகளின் மருந்தால் எலியாக மாற்றப்பட்ட சிறுவன், அதே மருந்தைத் திருடி அவர்களின் சூப்பில் ஊற்றுகிறான். சாப்பாட்டு அறையே எலிமயமாகிறது. கெய்மனிடம் அந்தக் கலகலப்பு கிடையாது. பிடிபட்ட பெற்றோரை மீட்கக் கோரலைன் இன்னொரு அம்மாவோடு பந்தயம் கட்டுகிறாள். பயந்துகொண்டே செய்வதுதான் தைரியம் என்று கூட வரும் பூனையிடம் சொல்கிறாள். சிறுவர்கள் இந்நாவலைச் சாகசமாகவும் பெரியவர்கள் கொடுங்கனவாகவும் படிப்பதைக் கெய்மனே குறிப்பிட்டிருக்கிறார். தனியே விடப்பட்ட குழந்தையைப் பார்த்துப் பெரியவர் பதறுகிறார். தானே ஜெயிக்கப்போகும் ஆளாகக் குழந்தை தன்னைக் காண்கிறது.

முடிவில் இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. நடுங்க வைத்த கெய்மன் அப்பா, அம்மா, வீடு எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். சிரிக்க வைத்த டால் கொடுப்பதில்லை. சிறுவன் கடைசிவரை எலிதான். ஆயுள் ஒன்பது ஆண்டு இருக்கலாம் என்கிறாள் 86 வயதுப் பாட்டி. அவளுக்குப் பிறகு வாழ விருப்பமில்லாத அவனுக்கு அதுவே போதும். 1990இல் வந்த திரைப்படம் அவனை மறுபடி மனிதனாக்கியது. அந்த மாற்றம் டாலுக்குப் பிடிக்கவில்லை.

ஆக, இரண்டு நாவல்களும் பிள்ளைக்குக் கொடுப்பது வெறும் பயத்தை அல்ல, தானே முடிவெடுக்கும் உரிமையை. திகிலில் 'கோரலைன்' ஒரு படி மேல். நேர்மையில் 'தி விட்சஸ்' ஒரு படி மேல். போனதெல்லாம் திரும்பி வராது, ஆனாலும் சந்தோஷமாக இருக்கலாம் என்று குழந்தையிடம் சொல்லும் துணிச்சல் அதற்கு இருக்கிறது. தனியே படிக்கப் பழகிய பிள்ளைக்குக் கெய்மனைக் கொடுங்கள். டாலை மட்டும் பாட்டியோ தாத்தாவோ பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டட்டும்.