செஞ்சி – 23: இடிபடாமல் நின்ற வீடு

செஞ்சியின் பிரெஞ்சுக் காவல்படைத் தலைவர் மக்ரெகர் கோட்டையை எப்படிக் கைவிட்டார் என்பதை இந்த வாரம் சொல்வதாகப் போன இதழில் வாக்குக் கொடுத்திருந்தேன். சொல்கிறேன். அதற்கு முன்னால் பாண்டிச்சேரி வரை ஒருமுறை போய்வந்துவிடுவோம். திண்டிவனம் வழியாகப் போனால் எழுபது கிலோமீட்டருக்குள்தான். பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி 1750 செப்டம்பரில் ஒரே ராத்திரியில் மூன்று மலைகளையும் பிடித்த நாளிலிருந்து செஞ்சியின் சோறும் வெடிமருந்தும் உத்தரவும் அங்கிருந்துதானே வந்தன? பாண்டிச்சேரி விழுந்தால்தான் செஞ்சி விழும். பாண்டிச்சேரி 1761 ஜனவரி 16 அன்று விழுந்தது.

ஊர் விழும் தறுவாயில், இன்று ரங்கப்பிள்ளை தெரு என்கிறோமே அந்தத் தெருவில், ஐம்பத்திரண்டு வயதை எட்டாத ஒருவர் உயிரை விட்டார். ஆனந்தரங்கப் பிள்ளை. பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் தலைமைத் துபாஷி, ‘ஆனந்தப்புரவி’ என்று தன் பெயரில் கப்பல் விட்ட வியாபாரி, முசாபர் ஜங்கிடம் மூவாயிரம் குதிரைக்கு மன்சப் வாங்கியவர். இதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். 1736 செப்டம்பரில் தொடங்கி இருபத்து நான்கு வருடங்களுக்கு மேல் தமிழில் நாட்குறிப்பு எழுதினார் பாருங்கள், அதற்காகத்தான் அவர் வாசலில் நிற்கிறேன்.

நிஜாம் நாசிர் ஜங்கை செஞ்சிப் பக்கத்தில் அவருடைய பட்டாணிய நவாபுகளே தீர்த்துக்கட்டிய கதையை ஆறாம் வாரத்தில் விலாவாரியாகப் பார்த்தோம். அந்தச் சேதி வந்தபோது டூப்ளே வீட்டில் யார் என்ன பேசினார்கள், யார் முகம் கறுத்தது என்றெல்லாம் நாம் தெரிந்துகொள்ள வேண்டுமானால் பிள்ளையிடம்தான் போக வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் எழுதிய கடிதங்களில் ராஜதந்திரம் இருக்கும். பிள்ளையின் குறிப்பில் விலைவாசி, வதந்தி, கப்பல் வரவு, லஞ்சம், ஜாதகம் எல்லாம் இருக்கும். டூப்ளேயின் மனைவியைப் பிள்ளைக்குக் கட்டோடு பிடிக்காது. 1748-இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் எழுதியிருக்கும் பக்கங்களில் அந்தக் கசப்பு வெளிப்படையாகவே தெரியும். தற்பெருமையும் கொஞ்சம் தூக்கல்தான். இருக்கட்டுமே! தற்பெருமை இல்லாத ஆள் இத்தனை வருடம் உட்கார்ந்து தன் கதையை எழுதுவானா?

இனி வீட்டுக்கு வருவோம். 1730-களில் எழுந்த வீடு. கீழ்க்கட்டில் முற்றத்தைச் சுற்றிச் செதுக்கிய மரத்தூண்கள், நம் செட்டியார் வீட்டுப் பாணி. படியேறினால் சுண்ணாம்பு பூசிய வெள்ளைத் தூண்கள், முழுக்க ஐரோப்பியக் கோலம். காலையில் கீழே பூஜை, மத்தியானம் குவர்னரோடு பேச்சு என்று இரண்டு உலகத்திலும் கால் வைத்திருந்தவருக்குப் பொருத்தமான வீடு.

இந்த வீடு தப்பியது லேசில்லை. 1748-இல் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி பாஸ்கவனின் கப்பல்கள் கடலிலிருந்து சரமாரியாகக் குண்டு வீசின. அத்தனை குண்டுக்கும் பலியானது தெருவில் போன ஒரு ஏழைக் கிழவிதான் என்று ஆங்கிலேய வரலாற்றில் ஒரு வரி உண்டு. அவள் பெயரை யாரும் எழுதவில்லை. பன்னிரண்டு வருடம் கழித்து ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் வந்தபோது முற்றுகை அப்படி விளையாட்டாக இல்லை. சோறில்லை. பிரெஞ்சுத் தளபதி லாலி என்ன செய்தார் தெரியுமா? நம் ஜனங்கள் ஆயிரத்து நானூறு பேரை, பெண்கள் குழந்தைகளோடு, கோட்டைக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். இந்தப் பக்கம் பிரெஞ்சுத் துப்பாக்கி, அந்தப் பக்கம் ஆங்கிலத் துப்பாக்கி. நடுவெளியில் நாள்கணக்கில் கிடந்தவர்களுக்குக் கடைசியில் வழிவிட்டது எதிரியான கூட்.

லாலியை வீரன் என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். கீழ்வேளூரில் கோயில் பிராமணர்களை உளவாளிகள் என்று பீரங்கி வாயில் கட்டிச் சுட்ட மனிதரை என்னால் அப்படி எழுத முடியாது. பாண்டிச்சேரியின் இடிபாட்டுக்கும் விதை போட்டது அவர்தான். 1758-இல் கடலூர் தேவனாம்பட்டினத்து செயின்ட் டேவிட் கோட்டையைத் தரைமட்டமாக்கினார். அந்தக் கடனைச் சென்னை கவர்னர் பிகட் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார். வெடிமருந்தும் கடப்பாரையும் கொண்டு கோட்டையையும் வெள்ளையர் பட்டணத்தையும் அடியோடு தகர்த்தார்கள். ஏழு வருடம் கழித்து, வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்த லெ ஜான்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர், இடிந்த கோட்டையின் மேல்தான் தம் தொலைநோக்கியை நிறுத்தினார். பார்க்க வேண்டிய நாளில் மேகம் மறைத்தது. பாவம், அது பெரிய கதை.

ஆனால் பிள்ளையின் வீடு தமிழர் பகுதியில், இன்றைய கால்வாய்க்கு மேற்கே இருந்தது. 1761-க்கு முந்திய பாண்டிச்சேரியில் இன்றும் நிற்கும் விரல்விட்டு எண்ணக்கூடிய கட்டடங்களில் அது ஒன்று. நாட்குறிப்பும் பிழைத்தது. 1846-இல் கலுவா மோன்பிரன் என்பவர் அதைக் கண்டெடுத்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசு ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகள் போட்டது. அதிலிருந்துதான் பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்கள் இரண்டையும் எடுத்தார்.

நாட்குறிப்பு பிழைத்ததை நினைத்தால் எனக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். 2017-இல் கலிபோர்னியாக் காட்டுத்தீ அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டனின் பண்ணையை நெருங்கியபோது அவருடைய பொருள்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். பிள்ளையின் காகிதங்களுக்கு அப்படி வண்டி அனுப்ப அரசோ அறக்கட்டளையோ அன்று ஏது? வீட்டார் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். டூப்ளே, லாலி, பிகட் மூவரும் சேர்ந்து கட்டியதையும் இடித்ததையும்விட அந்த வீட்டார் செய்தது பெரிய காரியம் என்பது என் கட்சி.

இடிபட்ட அந்த ஊரில் செஞ்சிக்கும் ஒரு பங்கு உண்டு. பாண்டிச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் நம்முடைய வெங்கடரமணர் கோயிலிலிருந்து போனவை என்பார்கள். அடுத்த முறை அங்கே சுண்டல் வாங்கும்போது நிமிர்ந்து பாருங்கள்.

மக்ரெகருக்கு ஒதுக்கிய இடம் தீர்ந்தே போய்விட்டது. லட்சம் பேரோடு வந்தாலும் மூன்று வருடத்துக்கு இந்த மலைகள் விழமாட்டா என்று முற்றுகையிட்ட ஆங்கிலேயக் கேப்டன் ஸ்டீபன் ஸ்மித்துக்குச் சொல்லியனுப்பியவர் அவர். செஞ்சி 1761 ஏப்ரல் 5 அன்று ஸ்மித் கைக்குப் போனது. நடுவில் நடந்தது அடுத்த இதழில்.