கணவாயோரத்துப் பூச்சந்தை

தனியார் துறை என்றதும் பிள்ளைகள் ஆலை, கம்பெனி, கணினி என்றுதான் அடுக்குவார்கள். நாகர்கோவிலில் நான் பொருளியல் சொல்லிக்கொடுத்த காலமெல்லாம் அந்தப் பாடத்தை எங்கள் ஊர்த் தோவாளைப் பூச்சந்தையிலிருந்துதான் தொடங்கினேன். அங்கே எல்லாருக்கும் மேலே ஒரு முதலாளி கிடையாது. பூப் பறிப்பவர், சுமப்பவர், நிறுப்பவர், கட்டுபவர், வண்டி ஓட்டுபவர், கூடையில் வைத்து விற்பவர் என்று கைக்குக் கை மாறி, வெயில் ஏறுவதற்குள் ஒரு நாள் வியாபாரம் முடிந்துவிடும். நாட்டுக்கு வேலை வேண்டும், தொழில் வளர வேண்டும் என்று பேசுகிறவர்கள் இந்தச் சந்தை எப்படி உண்டானது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் எண்ணம்.

திருநெல்வேலிப் பக்கமிருந்து வரும் சாலை ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டியதும் நாஞ்சில் நாடு. மேற்குத் தொடர்ச்சி மலை தன் தென்கோடியில் விட்டிருக்கும் இடைவெளி அது. திருவிதாங்கூருக்குக் கிழக்கு வாசல். 1809இல் திருவிதாங்கூர்த் திவான் வேலுத்தம்பி தளவாய் கிழக்கிந்தியக் கும்பினியை எதிர்த்தபோது, கும்பினிப் படை இந்த வாசலைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்தது. படை வந்த வழியிலேயே சரக்கும் வந்தது. அந்தச் சாலையோரத்தில், நாகர்கோவிலுக்குச் சுமார் 10 கிலோமீட்டர் முன்னால் இருக்கிறது தோவாளை. பறித்த சில மணி நேரத்தில் வாடிவிடும் சரக்குக்குச் சாலைதான் உயிர். தமிழ்நாட்டுத் தோட்டங்களுக்கும் மலையாள நாட்டுக் கோவில்களுக்கும் நடுவே இந்த ஊர் விழுந்தது அதன் முதல் யோகம்.

இரண்டாவது, தண்ணீர். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பார்க்கிற மாவட்டம் எங்களுடையது. ஆனாலும் கணவாயை ஒட்டிய நிலத்தில் மழையும் குறைவு, காற்றும் அதிகம். 1906இல் திருவிதாங்கூர் அரசர் மூலம் திருநாள் காலத்தில் பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்து, கோதையாற்றுத் தண்ணீர் சானல் வழியாகக் கிழக்கே வந்த பிறகுதான் இந்தப் பகுதி விவசாயம் கால் ஊன்றியது. தோவாளை சானல் என்ற பெயரே அந்தக் கடனைச் சொல்லும். நெல்லுக்கென்று வெட்டிய சானல்தான். ஆனால் அது கிணறுகளுக்கும் ஊற்றுக் கொடுத்தது. வயலாக்க முடியாத மேட்டுத் துண்டுகளில் பிச்சியும் அரளியும் ஏறின. ஏக்கர் கணக்கில் நிலம் இல்லாதவர்கூடப் பூ வைக்கலாம். நெல்லுக்கு அறுப்பு வரை காத்திருக்க வேண்டும், பூ பூத்த நாளெல்லாம் காசு தரும்.

மூன்றாவது, கோவில். திருவிதாங்கூரின் தலைநகர் 1795 வரை பத்மநாபபுரம். பிறகு திருவனந்தபுரம். அரசன் எங்கே இருந்தாலும் நாஞ்சில் நாட்டுக் கோவில்களில் பூசை நிற்கவில்லை. சுசீந்திரம் தாணுமாலயன், நாகர்கோவில் நாகராஜா, திருவனந்தபுரம் பத்மநாபசாமி என்று மாலை தவறாமல் வேண்டிய வாசல்கள் இருந்தன. அரண்மனைக்கும் பத்மநாபசாமிக்கும் தோவாளை மாலை போன கதையை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பெருமையோடு சொல்வார்கள். மாணிக்கமாலை அந்தப் பெருமையின் அடையாளம். சிவப்பரளி, வெள்ளரளி, நொச்சி இலை இவற்றை ஒவ்வொன்றாக மடித்து, பாய் முடைவதுபோல் நாரில் வரிசையாக நெருக்கிக் கட்டுவார்கள். பட்டையாக விரியும் அந்த மாலையில் பூ எங்கே முடிகிறது, இலை எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. கல் பதித்த நகைபோலத் தெரிவதால்தான் அந்தப் பெயர். 2025இல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கோவிலுக்குப் பூக்கட்டுவது தமிழ்நாடு நெடுகப் பண்டாரச் சமூகத்தார் வழிவழியாகச் செய்த வேலை. எங்கள் ஊரிலும் நுணுக்கமான மாலைகளைக் கட்டியவர்கள் அவர்களே. சந்தை பெரிதாகப் பெரிதாக அந்த வேலி தளர்ந்தது. என் அம்மை அந்தச் சமூகம் அல்ல. பக்கத்து வீட்டு அக்காவிடம் கற்றுக்கொண்டு கட்டினாள். வாழைநாரைக் கிழித்து நனைத்து வைத்துவிட்டு, மடியில் பிச்சியைக் கொட்டிக்கொண்டு, எங்களுக்குப் பாடம் ஒப்பிக்கச் சொல்லிக்கொண்டே சரம் கட்டுவாள். விரல் பார்த்துக்கொள்ளும், கண் எங்கள் மேல் இருக்கும். எங்கள் பள்ளிச் சம்பளம் அந்தச் சரத்திலிருந்து வந்தது. வெளியே வேலைக்கு அனுப்ப வீடுகள் தயங்கிய காலத்தில், திண்ணையில் இருந்தபடியே பெண்களுக்குக் காசு வரும் வழியைத் திறந்தது பூ.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. மொழிக்காகப் போராடி வாங்கிய நாள் அது. ஆனால் வியாபாரிக்கு அன்று முதல் வாங்குகிற ஊர் வேறு மாநிலம் ஆயிற்று. திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய நாடு இது. பின்னால் உணவுத் தட்டுப்பாட்டு ஆண்டுகளில் அரிசி மாநில எல்லை தாண்டக் கட்டுப்பாடு வந்தது, களியக்காவிளைப் பக்கம் அரிசிக் கடத்தல் அன்றாடச் செய்தியாக இருந்தது. பூவை எந்த அரசும் அத்தியாவசியப் பொருள் என்று நினைக்கவில்லை. அதனால் பூக்கூடையை யாரும் தடுக்கவில்லை. மூட்டைக்கு அடைத்த வழியில் கூடை தாராளமாகப் போயிற்று. தடை இல்லாமல் விடுவதும் ஒரு தொழிலுக்குச் செய்யும் உதவி என்று இந்த வரலாற்றிலிருந்து கற்றுக்கொண்டேன்.

இன்று சந்தைக்கு வரும் பூவில் பெரும்பங்கு வெளியூர்ப் பூ. பிச்சி அருகிலுள்ள செண்பகராமன்புதூர், ஆரல்வாய்மொழி, ராஜாவூர் தோட்டங்களிலிருந்து வரும். மல்லிகை மதுரை, திண்டுக்கல், சங்கரன்கோவில் பக்கமிருந்து. கிரேந்தி ஓசூர், ராயக்கோட்டையிலிருந்து. ரோஜா பெங்களூர்ப் பக்கமிருந்து. சிவந்தி, கோழிப்பூ, வாடாமல்லி, மரிக்கொழுந்து, துளசி, பச்சைக்கட்டு என்று கலந்து கிடப்பதைப் பிரித்து, நிறுத்து, பனிக்கட்டி வைத்துக் கட்டி, கேரளத்துக்கு வண்டி ஏற்றுவார்கள். ஒரு பகுதி திருவனந்தபுரம் விமான நிலையம் வழியாக வளைகுடா நாடுகளுக்குப் போகும். இங்கே விளையாத பூவைக்கூட விற்கத் தெரிந்ததால்தான் இந்தச் சிற்றூர் சந்தையாக நின்றது. முகூர்த்த நாளுக்கு முந்திய இரவில் விலை பல மடங்கு ஏறும், மறுநாள் அதே பூ கேட்பாரற்றுக் கிடக்கும். அந்த அபாயத்தை நாள்தோறும் சுமப்பவர்கள் இந்தச் சின்ன வியாபாரிகள்.

அந்தச் சுமையைத் தாங்க வைப்பது கடன். கமிஷன் கடைக்காரர் தோட்டக்காரருக்கு முன்பணம் கொடுப்பார். உரத்துக்கு, மகள் கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு. பத்திரம் இல்லை, ஜாமீன் இல்லை. பூவைத் தம் கடைக்கே கொண்டுவர வேண்டும் என்பது மட்டும் பேச்சு. வங்கி வாசலில் நிற்க முடியாதவர்களை இந்த ஏற்பாடு பிழைக்க வைத்திருக்கிறது. அதே ஏற்பாடு, அடுத்த கடையில் கிலோவுக்குக் கூட விலை சொன்னாலும் அங்கே போக விடாது. அம்மைக்கும் ஜூன் மாதம் நோட்டுப் புத்தகத்துக்கு முன்பணம் கிடைக்கும். கூலி ஏற்றிக் கேட்க வேண்டிய நேரத்தில் அந்தக் கடன் அவள் வாயை அடைக்கும். நம்பிக்கையும் கட்டுப்பாடும் ஒரே கயிறாக இருப்பதை நான் வீட்டிலேயே பார்த்தேன்.

இதே தாலுகாவில் இன்னொரு தனியார் தொழிலும் வளர்ந்தது. கணவாய்க் காற்று முப்பந்தலைக் காற்றாலைக் காடாக்கியது. 1980களின் கடைசியில் டென்மார்க் அரசின் உதவியோடு தமிழ்நாட்டில் சோதனைக் காற்றாலைப் பண்ணைகள் எழுந்தன. 1990களில் நூற்பாலைக்காரர்கள் உட்படத் தனியார் முதலீட்டாளர்கள் திரண்டு வந்தார்கள். அவர்களை இழுத்தது காற்று மட்டும் அல்ல. காற்றாலையின் விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம் என்ற சலுகை. பிறகு அது 80 சதவீதம் ஆனது. முப்பந்தல் இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுதிகளில் ஒன்றாக நிற்கிறது. நாட்டுக்கு மின்சாரம் கிடைத்தது, புகையில்லாத மின்சாரம். அதை நான் மதிக்கிறேன். ஆனால் ஊருக்கு அதில் நிலைத்த வேலை கொஞ்சம்தான். பழுது பார்க்கச் சிலர், காவலுக்குச் சிலர். சலுகை இயந்திரத்துக்குக் கொடுக்கப்பட்டது, இயந்திரம் பெருகியது. கைகளுக்கு வேலை வேண்டுமென்றால் உதவியும் கைகள் இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும்.

பூவிலேயே அரசு துணிந்து இறங்கிய நாடும் உண்டு. எத்தியோப்பியா 2000களின் தொடக்கத்தில் மலர்ப் பண்ணைகளுக்கு நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தது, அரசின் வளர்ச்சி வங்கி வழியாக நீண்ட காலக் கடன் தந்தது, தொடக்க ஆண்டுகளுக்கு வரி விலக்கும் தந்தது. சில ஆண்டுகளிலேயே ஆப்பிரிக்காவில் கென்யாவுக்கு அடுத்த மலர் ஏற்றுமதி நாடாயிற்று. பண்ணைகளில் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அந்தப் பூ பெரும்பாலும் போய்ச் சேர்வது நெதர்லாந்து. அங்கே ஆல்ஸ்மேரில் 1910களின் தொடக்கத்தில் பூ விவசாயிகளே கூட்டுறவாகச் சேர்ந்து ஏலச் சந்தை தொடங்கினார்கள். தரகர் சொன்ன விலைக்குத் தலையாட்ட மறுத்த தோட்டக்காரர்கள் அவர்கள். தோவாளைக்கு அதிகம் பொருந்துவது ஆல்ஸ்மேரின் பாடம் என்று நினைக்கிறேன். பெரும்பண்ணையில் கூலியாவதைவிட, தன் துண்டு நிலத்தோடு சந்தையில் விலை சொல்லும் உரிமை பெரிது.

அந்த உரிமை எவ்வளவு தேவை என்பதை அண்மைக் காலம் காட்டியது. அத்தம் முதல் திருவோணம் வரை கேரள வீட்டு முற்றங்களில் அத்தப்பூக்கோலம். அந்த நாட்களின் விற்பனையை நம்பிக் கடன் வாங்குபவர்கள் எங்கள் ஊரில் ஏராளம். 2018இல் வெள்ளம் வந்து கேரள அரசு ஓணக் கொண்டாட்டத்தை ரத்து செய்தது. 2020இல் கொரோனாவுக்கு அஞ்சி வெளிமாநிலப் பூ வேண்டாம், உள்ளூர்ப் பூவில் கோலமிடுங்கள் என்று அங்கே சொன்னார்கள். 2024இல் வயநாட்டு நிலச்சரிவுத் துயரத்தில் மீண்டும் அரசு விழா நின்றது. கேரளத்தில் குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் ஓணத்துக்கென்றே கிரேந்தி பயிரிடத் தொடங்கியிருக்கிறார்கள். அந்தப் பெண்கள் சம்பாதிப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் ஒரே பண்டிகையை, ஒரே மாநிலத்தை நம்பி நிற்கும் சந்தை எவ்வளவு மெல்லிய நாரில் தொங்குகிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

சந்தை உருவானதில் அரசின் பங்கு பேச்சிப்பாறைத் தண்ணீரும் சாலையும். தோவாளைக்கு மானியமாக யாரும் அவற்றைத் தரவில்லை. எல்லாருக்கும் பொதுவாகச் செய்தார்கள், அதன் மேல் சனங்கள் தாங்களாகவே தொழிலைக் கட்டிக்கொண்டார்கள். இன்றைக்கும் அந்த வழிதான் சரி. மிஞ்சிய பூவை ஒரு நாள் தாங்க வைக்கும் பொதுக் குளிரறை வேண்டும். இரவில் வேலை செய்யும் பெண்களுக்கு விளக்கும் கழிப்பறையும் வேண்டும். விலை போகாத நாளில் பூவை வாங்கி அத்தர் எடுக்கும் ஆலை பக்கத்தில் வேண்டும். 2020இல் வந்த ஸ்வநிதித் திட்டத்தில் தெரு வியாபாரிக்கு முதல் தவணையாக 10,000 ரூபாய் கடன் என்றார்கள். கூடைக்காரிக்கு அது உதவும். பூக்கட்டுகிறவளுக்கும் தோட்டக்காரருக்கும் அதுபோல ஜாமீன் கேட்காத கடன் வந்தால், கமிஷன் கடை முன்பணம் அவர்கள் விலையைத் தீர்மானிக்காது.

மாணிக்கமாலைக்குக் குறியீடு கிடைத்ததைக் கொண்டாடினோம். அந்த மாலையைக் கட்டத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். காரணம் எளிது, அத்தனை நேரம் குனிந்திருந்து கட்டினாலும் அதற்கேற்ற கூலி இல்லை. பெயருக்குப் பாதுகாப்புக் கிடைத்தது போல விரலுக்கும் கிடைக்க வேண்டும். குறியீட்டின் பெயரில் விற்கும் ஒவ்வொரு மாலையின் விலையிலும் கட்டியவருக்கு இவ்வளவு பங்கு என்று எழுத்தில் வைத்தால், பெண்பிள்ளைகள் அதைக் கற்க வருவார்கள். வேலைவாய்ப்பு என்ற பெயரில் வரும் எந்தத் திட்டத்தையும் நான் ஒரே அளவுகோலால் பார்க்கிறேன். விடியுமுன் பூப் பறிக்கிறவளின் கையில் அன்று மாலைக்குள் எவ்வளவு காசு சேர்ந்தது என்பதே அது.