வரவு செலவுத் திட்டமும் வலையும்



கடற்கரையில் பிறந்தவர்களுக்கு ‘வள்ளம்’ என்றால் படகு. இங்கே ‘வல்லம்’ என்றால் ஊர். ஓர் எழுத்துதான் வேறுபாடு. ஆயினும் அந்த ஓர் எழுத்தைக் கடந்து வர நம்மில் சிலருக்கு ஒரு தலைமுறைக் காலம் ஆகியிருக்கிறது.

விழா மலரில் கோயில் கட்டிய வரலாறும் கொடிமரம் நட்ட வரலாறும் எழுதுவது வழக்கம். அவை வேண்டியவையே. ஆனால் பங்கு என்பது கல்லும் சுண்ணாம்பும் அல்ல, மக்கள். வல்லம் வடகாலில் கடல் இல்லை; ஏரியும் சிப்காட் தொழிற்பேட்டையும்தான் உண்டு. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், ரூ.706.50 கோடி செலவில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி இங்கே திறக்கப்பட்டது. அத்தகைய விடுதிகளிலும் சுற்றுப்புற வாடகை அறைகளிலும் தங்கி, இரவு ஷிப்டு முடிந்த கையோடு ஞாயிறு பூசைக்கு வரும் பிள்ளைகளில் குமரிக் கரையினரும் முத்துக்குளித்துறையினரும் இராமநாதபுரம் கரையினரும் இருக்கின்றனர். ஊரை விட்டு ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், “கடலில் பாடு இல்லை” என்பதே பெரும்பாலும் மறுமொழி.

பாடு ஏன் குறைந்தது? கடல் ஒரு காரணம், காற்று ஒரு காரணம். மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கப்படும் வரவு செலவுத் திட்டமே அது. அதில் மீன்வளத்துக்கென்று 7ஆம் எண் மானியக் கோரிக்கை ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கங்களில் எழுதப்பட்டதும் எழுதாமல் விடப்பட்டதும் நம் முன்னோரின் வலையை எவ்வாறு தொட்டன என்பதை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

முத்தும் உப்பும்

முற்காலத்தில் மீனவர் அரசின் செலவுக் கணக்கில் இல்லை. வரவுக் கணக்கில்தான் இருந்தனர். ஆங்கிலேயர் காலத்து முத்துக்குளிப்பில் எடுத்த சிப்பிகளில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, மூன்றில் ஒரு பங்கு குளியாளிக்கு. மூச்சடக்கியவன் ஒருவன், கணக்கெழுதியவன் மற்றொருவன்! மன்னார் வளைகுடாவின் நம் பக்கத்தில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதன்பின் சிப்பிப் பார்கள் முன்போல விளையவில்லை.

உப்பு வரியும் அப்படியே. மீனைக் கருவாடாக்க உப்பு வேண்டும். உப்புக்கு வரி போட்டதும் ஏழை மீனவன் மண் கலந்த உப்பை நாடினான், கருவாடு கெட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசு கடற்கரையில் மீன் பதனிடும் களங்களைத் திறந்து, அங்கு மட்டும் வரியில்லா உப்பை வழங்கியது. வரியில் செய்த ஒரு சிறு மாற்றம் எத்தனையோ குடும்பங்களின் உலையைக் கொதிக்க வைத்தது. 1907இல் சர் பிரடெரிக் நிக்கல்சன் முயற்சியால் மாகாணத்தில் மீன்துறை தோன்றியது. கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பற்றி அரசுக்கு அறிக்கை தந்தவரும் இவரே.

இயந்திரம் வந்தது

விடுதலைக்குப் பின் ஐந்தாண்டுத் திட்டங்கள் வந்தன. 1952இல் இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் சபை ஆகிய மூன்றும் உடன்படிக்கை செய்து, கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் பணி தொடங்கின. சிறு மீனவனின் வாழ்வை உயர்த்துவதே நோக்கம் என்றார்கள். நம் மாநிலத்திலும் திட்டப் பணத்தில் இயந்திரப் படகுகள் மானியத்தோடும் கடனோடும் வழங்கப்பட்டன. 1966இல் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டபின் இறால் ஏற்றுமதி பெரும் பணமாயிற்று. இழுவலைப் படகுகள் பெருகின.

நன்மை விளையவில்லை என்று நாம் கூறோம். ஐஸ் ஆலைகள் வந்தன, துறைமுகங்கள் வந்தன, பல வீடுகளில் பிள்ளைகள் கல்லூரிக்குப் போயினர். ஆனால் அந்நாளைய கணக்குப் புத்தகத்தில் ‘பிடிப்பது’ என்ற தலைப்பின் கீழ்தான் பணம் இருந்தது; ‘காப்பது’ என்ற தலைப்பின் கீழ் ஏதும் இல்லை எனலாம். மீன் முட்டையிடும் கரையோரத்தை இழுவலை வாரிச் சென்றது. கட்டுமரக்காரனின் வலை அறுந்தது. 1970களில் ஒரே கடலில் தொழில் செய்த நம்மவர்களே ஒருவரோடொருவர் மோதினர், உயிர்களும் போயின. ஒரே கோயிலில் நற்கருணை வாங்கியவர்கள் கடலில் பகைவரானது நம் வரலாற்றின் துயரமான பக்கம்.

அக்காலத்திலேயே வேறு வழி தேடியவர்களும் இருந்தனர். குமரி மாவட்டம் முட்டத்தில் பெல்ஜிய நாட்டுச் சேசு சபைக் குரு பியர் ஜில்லே, அலை மோதும் கரையிலேயே இழுத்து ஏற்றக்கூடிய ஒட்டுப்பலகைப் படகை மீனவரோடு சேர்ந்து உருவாக்கினார். கட்டுமரத்துக்கு வேண்டிய மரம் அரிதாகிவந்த நேரம் அது. சிறு படகையும் சிறு மீனவனையும் விட்டுவிடாமல் முன்னேற முடியும் என்பதற்கு அது சான்றாயிற்று.

சட்டம் வந்தது

மோதல்களை ஆராய 1976இல் மத்திய அரசு மஜும்தார் குழுவை அமைத்தது. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983இல் நிறைவேறியது. கரையிலிருந்து 3 கடல்மைல், அதாவது சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர் வரை நாட்டுப் படகுகளுக்கே உரியது என்று வகுக்கப்பட்டது. நல்ல சட்டம்தான். ஆனால் சட்டத்தை அச்சடிக்கச் சில ரூபாய் போதும். அதைக் காக்க ரோந்துப் படகு வேண்டும், எண்ணெய் வேண்டும், ஆள் வேண்டும். இவையெல்லாம் செலவுப் பட்டியலில் இடம்பெற வேண்டியவை. இடம்பெறாத ஆண்டுகளில், கரையோரத்தில் இரவில் கேட்கும் விசைப்படகின் ஓசையே சட்டத்தின் நிலைமையைச் சொல்லிவிடும்.

இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். கரையிலிருந்து 12 கடல்மைல் வரையுள்ள மீன்பிடிப்பு மாநில அரசின் பொறுப்பு. அதற்கு அப்பால் மத்திய அரசின் பொறுப்பு. மீனுக்கு இந்த எல்லை தெரியாது. ஆனால் உதவி கேட்டு நிற்கும் மீனவனுக்கு அது நன்றாகவே தெரியும். அவன் இரண்டு வாசல்களிலும் தட்ட வேண்டியிருக்கிறது.

தடைக்காலத்தின் கணக்கு

மீன் பெருகவென்று 2001 முதல் ஏப்ரல் 15இலிருந்து 45 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை வந்தது. 2017இல் அது 61 நாட்களாயிற்று. குமரியின் மேற்குக் கரையில் சூன், சூலை மாதங்கள். தடை வேண்டும் என்பதை நம் பெரியவர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்நாட்களில் அடுப்பெரிய என்ன வழி என்பதே கேள்வி.

அரசு தரும் தடைக்கால நிவாரணம் 2011இல் குடும்பத்துக்கு ரூ.2,000 ஆக்கப்பட்டது. 45 நாட்களுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ரூ.44. பின்னர் ரூ.5,000 ஆனது, 61 நாட்களுக்கு வகுத்தால் ரூ.82. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் ரூ.8,000 என்று முதலமைச்சர் அறிவித்தார், வகுத்தால் ரூ.131. தொகை ஏறியிருக்கிறது, நன்றி கூறுவோம். ஆனால் குடும்பம் முழுவதற்கும் ஒரு நாளைக்கு ரூ.131 என்பதை அரிசிக் கடையில் நின்று எண்ணிப் பாருங்கள்.

சேமிப்பு நிவாரணத் திட்டமும் உண்டு. மீனவர் தம் கையிலிருந்து ரூ.1,500 கட்டினால், மத்திய அரசும் மாநில அரசும் தலா ரூ.1,500 சேர்த்து, பாடு குறைந்த மாதங்களில் ரூ.4,500 ஆகத் திருப்பித் தருகின்றன. சிக்கனத்தைக் கற்பிக்கும் நல்ல ஏற்பாடு.

இனி, செலவுப் பட்டியலில் கண்ணுக்கு எளிதில் படாத உதவி ஒன்று: வரியில்லா டீசல். விசைப்படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர், இயந்திரம் பூட்டிய நாட்டுப் படகுக்கு 4,000 லிட்டர் என்பது நெடுநாள் அளவாக இருந்தது. அரசு வாங்காமல் விட்ட வரியும் அரசு கொடுத்த பணமே. பெரிய இயந்திரத்துக்குப் பெரிய சலுகை, சிறிய இயந்திரத்துக்குச் சிறிய சலுகை, துடுப்பு வலிப்பவனுக்கு ஒன்றுமில்லை. விசைப்படகுத் தொழிலாளியும் ஏழைதான், மறுக்கவில்லை. ஆனால் பிடிக்கும் வேகத்தை வளர்க்கும் சலுகையும், பிடிப்பைக் குறைக்கும் தடையும் ஒரே அரசின் ஒரே புத்தகத்தில் இருப்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ஆழ்கடலும் ஒக்கியும்

பாக்கு நீரிணையில் நம்மவர் இழுவலையோடு எல்லை தாண்டி, இலங்கைக் கடற்படையிடம் சிறைபடுவது தீராத துயரம். அங்கு வடக்கு இலங்கையின் தமிழ் மீனவரும் தம் வலை அறுவதாக அழுகின்றனர். இதற்கு வழியாக 2017 சூலையில் ஆழ்கடல் படகுத் திட்டம் தொடங்கப்பட்டது. படகின் விலை ரூ.80 இலட்சம். மத்திய அரசு பாதி, மாநில அரசு ஐந்தில் ஒரு பங்கு. மீனவர் கையிலிருந்து ரூ.8 இலட்சமும் வங்கிக் கடனாக ரூ.16 இலட்சமும். மூன்றாண்டுகளில் 2,000 படகுகள் என்று எண்ணினார்கள். கடலில் இறங்கியது மிகச் சிறு பங்கே. பழைய இழுவலைப் படகை ஒப்படைத்துவிட்டு, பழகாத தொழிலுக்காக ரூ.24 இலட்சம் சுமையைத் தலையில் ஏற்ற எத்தனை பேர் துணிவர்? பணம் ஒதுக்கினால் மட்டும் போதாது. பயிற்சியும் படகு நிறுத்த இடமும் சந்தையும் சேர்ந்து வந்தால்தான் திட்டம் கரை சேரும்.

ஆழ்கடல் தொழிலில் பெயர் பெற்றவர்கள் குமரியின் தூத்தூர் வட்டாரத்தினர். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் அவர்களைத்தான் பெரிதும் தாக்கியது. கரையிலிருந்து வெகு தொலைவில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. இறந்தோர், திரும்பாதோர் குடும்பங்களுக்கு மாநில அரசு தலா ரூ.20 இலட்சம் வழங்கியது. கரையோடு பேசும் கருவிக்கு முன்பே செலவிட்டிருந்தால் எத்தனை பேர் திரும்பியிருப்பர் என்ற கேள்வியோ அக்கரையில் இன்றும் ஓயவில்லை.

நம் ஏரிக்கரையில்

இது கடற்கரையார் கதை, நமக்கென்ன என்று இவ்வூரில் பிறந்து வளர்ந்தவர்கள் எண்ண வேண்டாம். ஏரியும் அதே கணக்கில்தான் இருக்கிறது. 2017 மார்ச்சில் குடிமராமத்துத் திட்டம் ரூ.100 கோடி ஒதுக்கீட்டில் தொடங்கியது நமக்கு அருகிலுள்ள மணிமங்கலம் ஏரியில்தான். தூர் வாரினால் நீர் நிற்கும். நீர் நின்றால் மீனும் நிற்கும். ஆனால் ஏரி என்றால் பாசனம், குடிநீர், இப்போது தொழிற்சாலை என்றுதான் கணக்கெழுதுகிறோம். மீன் ஏலத்தின்போது மட்டுமே நினைவுக்கு வருகிறது. ஏலம் எடுப்பவன் பணமுடையவன். தூண்டில் போட்டு வயிறு வளர்த்த ஏழை கரையில் நிற்கிறான். கழிவுநீர் கலந்துவிட்டாலோ இருவருக்கும் மீன் இல்லை.

ஆகவே, நிதிநிலை அறிக்கை நாளில் நாம் மூன்று கேள்விகளைக் கேட்போமாக. பிடிப்பதற்கு எவ்வளவு? காப்பதற்கு எவ்வளவு? பிடிப்பவனுக்கு எவ்வளவு? 1950களில் முதல் கேள்விக்கு மட்டுமே விடை இருந்தது. 1983இல் இரண்டாவதற்குச் சட்டம் வந்தது, பணம் பின்தங்கியது. 2021இல் துறையின் பெயரே ‘மீன்வளம் – மீனவர் நலத்துறை’ என்று மாறியது. பெயரில் ஏறிய மீனவர், கணக்கிலும் அதே அளவு ஏற வேண்டும்.

நம் பங்கின் பிள்ளைகள் இங்கு வந்து உழைப்பது இழிவன்று, பெருமையே. ஆனால் விரும்பி வருவது வேறு, வேறு வழியின்றி வருவது வேறு. கடலுக்குப் போக விரும்பும் மகனுக்குக் கடலில் பாடு இருக்க வேண்டும். ஆலைக்கு வர விரும்பும் மகளுக்கு இங்கே மதிப்பான வேலை இருக்க வேண்டும். இரண்டையும் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்பதற்குக் கணக்குத் தெரிய வேண்டும். அந்தக் கணக்கின் முதல் பாடமாக இச்சிறு கட்டுரையை இவ்விழாவில் பங்கு மக்கள் முன் வைக்கிறோம்.

— விழா மலர்க் குழுவினர்